ஏரி உள்வாயில் எழுந்த நகரம்

1923-ஆம் ஆண்டு வரை மவுண்ட் ரோட்டின் மேற்கே தண்ணீர் இருந்தது. நுங்கம்பாக்கத்தில் தொடங்கி மாம்பலம் வழியாகச் சைதாப்பேட்டைப் பக்கம் வரை நீண்டு கிடந்த அந்த நீர்ப்பரப்பை ஆங்கிலேயர் ‘லாங் டேங்க்’ என்றார்கள். ஊர்க்காரர்களுக்கு அது ஒரு முனையில் நுங்கம்பாக்கம் ஏரி, மறுமுனையில் மாம்பலம் ஏரி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் மெட்ராஸ் போட் கிளப்காரர்கள் அதில் படகுப் போட்டி நடத்தினார்கள். துடுப்புப் படகுகள் பந்தயம் விடும் அளவுக்கு நீளமான அந்த ஏரியின் இடத்தில்தான் இன்று தீபாவளிக் கூட்டம் நெரிகிறது.

அந்த ஏரியை ஆக்கிரமிப்பாளர்கள் விழுங்கவில்லை. சட்டப்படி, வரைபடம் போட்டு, அரசின் ஒப்புதலோடுதான் அது வற்ற வைக்கப்பட்டது. சென்னை இழந்த நீர்நிலைகளைப் பற்றிப் பேசும்போது ‘ஆக்கிரமிப்பு’ என்ற சொல்தான் முதலில் வாயில் வருகிறது. குடிசை போட்டவரையும் வேலி நகர்த்தியவரையும் கைகாட்டுவது எளிது. ஆனால் கோப்புகள் சொல்லும் கதை வேறு. இந்த நகரம் தன் ஏரிகளில் பெரும்பகுதியை முறையாக அனுமதி கொடுத்தே இழந்தது. அந்த அனுமதி எப்படிப் பிறந்தது, என்ன கேட்டது, எதைக் கேட்காமல் விட்டது என்பதற்கு நூறாண்டு வரலாறு இருக்கிறது.

மெட்ராஸ் நகரத் திட்டமிடல் சட்டம் 1920-இல் வந்தது. இந்தியாவில் இத்தகைய சட்டங்களில் மூத்தவற்றுள் அது ஒன்று. நகராட்சி ஒரு திட்டத்தை வரையும். நில உரிமையாளர்கள் ஆட்சேபணை சொல்லலாம். கடைசியில் அரசு ஒப்புதல் தரும். திட்டத்தால் ஒருவருடைய நிலத்தின் மதிப்பு உயர்ந்தால் அந்த உயர்வில் ஒரு பங்கை அவர் கட்ட வேண்டும் என்ற ஏற்பாடும் அதில் உண்டு. அந்தக் காலத்துக்கு இது முற்போக்கான சட்டம். சந்து பொந்துகளில் பிளேக்குக்கும் காலராவுக்கும் பயந்து வாழ்ந்த மக்களுக்குக் காற்றோட்டமான தெருவும் சாக்கடையும் தர வேண்டும் என்ற உண்மையான அக்கறை அதன் பின்னால் இருந்தது.

மாம்பலம் குடியிருப்புத் திட்டம் அந்த அக்கறையின் முதல் பெரிய விளைவு. நீதிக்கட்சி ஆட்சி அது. முதன்மை அமைச்சர் பனகல் அரசர். 1923-இல் ஏரியை வடித்துவிட்டு, நடுவில் ஒரு பூங்கா, அதிலிருந்து பிரியும் அகன்ற சாலைகள், மரங்கள், தோட்டத்தோடு கூடிய வீட்டு மனைகள் என்று ஒரு புதிய ஊரை வரைந்தார்கள். 1925-இல் மறைந்த பிட்டி தியாகராயச் செட்டியாரின் பெயர் ஊருக்கு வந்தது. பூங்கா பனகல் பூங்கா ஆயிற்று. சுற்றியுள்ள தெருக்களில் டாக்டர் நாயர், உஸ்மான், தணிகாசலம் என்று கட்சித் தலைவர்களின் பெயர்கள் அமர்ந்தன. திட்டமிட்ட நகர் என்ற வகையில் தி. நகர் அழகாகவே பிறந்தது, அதை மறுப்பதற்கில்லை.

ஏரியைத் தூர்க்காதே என்று சொல்ல அந்தக் காலத்தில் ஆளில்லையா? இருந்தார். ஸ்காட்லாந்து அறிஞர் பேட்ரிக் கெடஸ் 1914-15-இல் மெட்ராஸ் மாகாணத்துக்கு வந்து பல ஊர்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கைகள் எழுதினார். மலேரியாவுக்குப் பயந்து குளங்களை மூடுவதை அவர் கடுமையாக எதிர்த்தார். குளம் ஊரைக் குளிர்விக்கிறது, குழாய்த் தண்ணீர் பழுதானால் கைகொடுக்கிறது, கொசுவைக் கட்டுப்படுத்த மீனும் வாத்தும் போதும் என்பது அவர் வாதம். அவருக்குப் பின் அரசின் ஆலோசகராக இருந்த லான்செஸ்டர் ‘மெட்ராஸில் நகரத் திட்டமிடல்’ என்றொரு நூலே எழுதினார். அது 1918-இல் வெளிவந்தது. யோசனைக்குப் பஞ்சமில்லாத காலம் அது. ஆனால் சட்டத்தின்படி ஆட்சேபணை சொல்லும் உரிமை நிலத்துக்கு உரியவருக்கு. ஏரியோ புறம்போக்கு. அதன் உரிமையாளர் அரசு. திட்டம் போடுவதும் அரசு, ஒப்புதல் தருவதும் அரசு, நிலத்தின் சொந்தக்காரரும் அரசு என்றானபோது தண்ணீரின் சார்பில் மனு போட எவருக்கும் இடமிருக்கவில்லை.

இந்த இடத்தில் தொண்டை மண்டலத்தின் பழைய ஏற்பாட்டை நினைக்காமல் இருக்க முடியவில்லை. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளைக் குடவோலைக்காக எல்லோரும் படிக்கிறோம். முதலாம் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் அந்தக் கல்வெட்டுகள் ஏரி வாரியம் என்ற குழுவுக்கும் ஆள் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்கின்றன. அதில் ஆறு பேர். 360 நாள் பதவிக்காலம். அதை இன்றைய பொருளில் ஜனநாயகம் என்று கொண்டாடுவது பிழை: சொந்த மனையும் இறை கட்டும் நிலமும் வேதப் பயிற்சியும் உள்ளவர்களுக்கு மட்டுமே அங்கே இடம், பெண்களுக்கும் உழைக்கும் சாதிகளுக்கும் இல்லை. ஆனால் ஓர் அம்சம் கவனிக்கத் தக்கது. ஏரியைப் பற்றி முடிவெடுத்தவர்கள் அந்த ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த ஊரார். மதகு உடைந்தாலும் கரை தளர்ந்தாலும் இழப்பு அவர்கள் வயலில் தெரியும்.

பிரிட்டிஷ் வருவாய் நிர்வாகம் நிலத்தை வரி தரும் நிலம், தராத நிலம் என்று பிரித்தது. வரி தராத ஏரி, மேய்ச்சல், கழுவேலி எனப்படும் சதுப்பு எல்லாம் புறம்போக்கு என்றும் தரிசு என்றும் நிலக் கணக்கான அ-பதிவேட்டில் ஏறின. ஏரிக்குக் கீழே வயல் இருந்தவரை அந்த வகைப்பாடு யாரையும் பெரிதாகத் தொந்தரவு செய்யவில்லை. ஆயக்கட்டு வீட்டு மனைகளானதும் ஏரிக்கு வேலை இல்லை என்று ஆகிவிட்டது. வேலை இல்லாத ஏரி, திட்டமிடுபவர் மேஜையில் ‘கிடைக்கக்கூடிய நிலம்’ ஆனது. வெள்ளத்தைத் தாங்கி நிறுத்துவதும் நிலத்தடிக்கு நீர் இறக்குவதும் ஒரு வேலை என்று பதிவேட்டில் எழுத எந்தக் கட்டமும் கிடையாது.

சுதந்திரத்துக்குப் பிறகு ஆட்கள் மாறினார்கள், பார்வை மாறவில்லை. நகர மேம்பாட்டு அறக்கட்டளை (சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்) தி. நகருக்குத் தெற்கே தன் பெயரிலேயே சி.ஐ.டி. நகரை எழுப்பியது. 1961-இல் அதன் இடத்துக்குத் தமிழ்நாடு வீட்டு வசதி வாரியம் வந்தது. நுங்கம்பாக்கத்தில் எஞ்சியிருந்த ஏரிப் பள்ளத்தில் 1976-இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மேற்கே முகப்பேரில் வாரியம் உருவாக்கிய குடியிருப்பு இன்றும் ‘ஏரித் திட்டம்’ என்றே முகவரிகளில் எழுதப்படுகிறது. வாடகைக்கும் வழியில்லாமல் திண்டாடிய நடுத்தர வர்க்கத்துக்கும் ஏழைகளுக்கும் அந்த வீடுகள் பெரிய வரம். அதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்த வரலாறு நேர்மையாக இருக்காது. மனை வாங்கிய குமாஸ்தாவுக்கும் ஆசிரியருக்கும் அது ஏரியின் உள்வாய் என்று முதல் பெருமழைக்குத்தான் தெரிந்தது.

1972-இல் தற்காலிக அமைப்பாகத் தொடங்கி, 1974-இல் சட்டப்படி நிலைபெற்ற மெட்ராஸ் பெருநகர் வளர்ச்சிக் குழுமம்தான் இன்றைய சி.எம்.டி.ஏ. அதன் முதல் முழுமைத் திட்டம் 1975-இல் நடைமுறைக்கு வந்தது, இரண்டாவது 2008-இல். எழும்பூரில் அதன் அலுவலகமான தாளமுத்து-நடராசன் மாளிகை என்றால் கட்டுமானத் தொழிலில் இருப்பவர்களுக்கு உடனே புரியும். 2022 வரை 1,189 சதுர கிலோமீட்டர் பரப்பில் எது வயல், எது வீடு, எது தொழிற்சாலை, எது நீர்நிலை என்று நிறம் தீட்டும் அதிகாரம் அந்த மாளிகைக்கு இருந்தது. அதே குழுமம் மறைமலை நகரை உருவாக்கியது, அரும்பாக்கத்தில் எம்.எம்.டி.ஏ. காலனியை அமைத்தது, 1996-இல் கோயம்பேடு மொத்த அங்காடியைக் கட்டியது. அனுமதி கொடுப்பவரும் கட்டுபவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பது 1923-இலிருந்து தொடரும் வழக்கம்.

திட்ட அனுமதிக் கோப்பு எப்படி நகர்கிறது என்று பார்த்தால் பிரச்சினையின் வேர் தெரியும். விண்ணப்பதாரர் பட்டா, புலப்பட நகல், பத்திரம், கட்டட வரைபடம் கொண்டு வருவார். நில உபயோகம் பொருந்துகிறதா, முன்னால் சாலை எத்தனை அகலம், பக்கவாட்டில் எத்தனை அடி விட்டிருக்கிறார், தளப்பரப்புக் குறியீடு மீறவில்லையா, கார் நிறுத்த இடமுண்டா என்று சரிபார்ப்பார்கள். உயர்மாடிக் கட்டடம் என்றால் அடுக்குமாடிக் குழு பார்க்கும்; பிறகு அரசின் வீட்டு வசதித் துறைக்குப் போகும். தீயணைப்பு, போக்குவரத்துப் போலீஸ், விமான நிலைய ஆணையம் என்று ஆளுக்கொரு தடையின்மைச் சான்று. நில உபயோக மாற்றம் வேண்டுமென்றால் நாளிதழில் சர்வே எண்களோடு ஒரு சிறிய அறிவிப்பு வரும். குறித்த நாட்களுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். பொடி எழுத்தில் வரும் அந்தச் சர்வே எண்ணைப் படித்து, இது நம் ஊர் வாய்க்காலுக்குப் பக்கத்து நிலம் என்று கண்டுபிடிப்பவர் எத்தனை பேர்?

நீர்நிலைக்கு அருகிலுள்ள மனை என்றால் பொதுப்பணித் துறையின், இப்போது நீர்வளத் துறையின், சான்று தேவை. பொறியாளர் இடத்தைப் பார்த்து, வெள்ளம் எந்த மட்டம் வரை ஏறும் என்று கணக்கிட்டு, மனையை இந்த மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்து, வாய்க்காலுக்கு இத்தனை அகலம் விடு, சிறுபாலம் கட்டு என்று நிபந்தனை எழுதுவார். தனியாகப் பார்த்தால் ஒவ்வொரு நிபந்தனையும் நியாயமானது. இந்த மனைக்குள் தண்ணீர் வரக்கூடாது என்பதுதான் அந்தக் கடிதத்தின் இலக்கு. இங்கே நுழைய முடியாத தண்ணீர் எங்கே போகும்? பக்கத்து மனை அதே கடிதத்தோடு ஏற்கெனவே உயர்ந்து நிற்கிறது. அதற்கடுத்த மனையும் உயர்ந்து நிற்கிறது. நடுவில் பள்ளமாக மிஞ்சுவது பழைய தெருவும், மண் கொட்ட வசதியில்லாதவர் வீடும்தான். மனைக்கு எல்லைக்கல் உண்டு, மழைக்கு இல்லை. கோப்பு எல்லைக்கல்லோடு நின்றுவிடுகிறது.

பள்ளிக்கரணை இதற்கு மிகப் பெரிய சாட்சி.

தென்சென்னையில் சுமார் 250 சதுர கிலோமீட்டர் பரப்பில் விழும் மழை, பல ஏரிகளைத் தாண்டி வந்து இந்தக் கழுவேலியில் தேங்கும். நின்று, படிந்து, பிறகு ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்குப் போய்க் கோவளத்தில் கடலைச் சேரும். கோரையும் சம்பும் மண்டிய அந்தச் சதுப்பில் நூற்றுக்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. நீலத் தாழைக்கோழி ஆண்டு முழுவதும் அங்கேயே குஞ்சு பொரிக்கும். பூநாரைகள் பருவத்துக்கு வந்து போகும். 1960-களில் அந்தச் சதுப்பு ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் விரிந்திருந்தது என்கிறார்கள். புத்தாயிரம் பிறக்கும்போது அதில் சுமார் எட்டில் ஒரு பங்குதான் எஞ்சியிருந்தது.

இடையில் நடந்தவற்றில் பெரும்பாலானவை அரசின் கையெழுத்தோடு நடந்தன. 1980-களில் பெருங்குடியில் மாநகராட்சி குப்பை கொட்டத் தொடங்கியது. சதுப்பின் மேல் பறக்கும் ரயிலின் பாதையும் நிலையமும் எழுந்தன. கடலையும் காற்றையும் ஆராயும் மத்திய அரசு நிறுவனங்களே அங்கே வளாகம் அமைத்தன. பிறகு பழைய மகாபலிபுரம் சாலை தகவல் தொழில்நுட்பச் சாலை ஆனது. மென்பொருள் நிறுவனங்கள் வந்தன. அங்கே வேலை பார்ப்பவர்களுக்காக அடுக்குமாடிகள் வந்தன. இவை எல்லாவற்றையும்விட மனதைப் பிசையும் முடிவு கண்ணகி நகரும் பெரும்பாக்கமும். கூவம், அடையாறு கரைகளில் குடிசை போட்டிருந்த பல்லாயிரம் குடும்பங்களை, வெள்ள அபாயத்தையும் ஆற்றின் சீரமைப்பையும் காரணம் காட்டி அப்புறப்படுத்தி, இந்தக் கழுவேலியின் விளிம்பில் கட்டிய தொகுப்பு வீடுகளில் குடியேற்றினார்கள். ஆற்று வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று சொல்லிச் சதுப்பு வெள்ளத்தில் விடப்பட்டவர்கள் அவர்கள். வேலை, பள்ளிக்கூடம், உறவு எல்லாம் இருபது கிலோமீட்டர் தள்ளி இருந்தன.

சதுப்பு நிலத்துக்காகப் பேசத் தொடங்கியவர்கள் பொதுமக்கள். குப்பை எரியும் புகையில் மூச்சுத் திணறிய வேளச்சேரி, பெருங்குடிக் குடியிருப்போர் 2000-களின் தொடக்கத்தில் மனு எழுதினார்கள், கூட்டம் போட்டார்கள், நீதிமன்றம் போனார்கள். ஜெயஸ்ரீ வெங்கடேசனின் கேர் எர்த் அறக்கட்டளை, அங்கே என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, தண்ணீர் எப்படி வந்து எப்படிப் போகிறது என்று களத்தில் இறங்கிப் பதிவு செய்தது. தரிசு என்ற ஒற்றைச் சொல்லுக்கு எதிராக வைக்க அந்தப் பட்டியல்தான் முதல் ஆயுதம். 2007-இல் 317 ஹெக்டேர் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டு வனத்துறையிடம் போனது. 2008-இன் முழுமைத் திட்டமும் பள்ளிக்கரணைச் சதுப்பையும் செங்குன்றம் நீர்ப்பிடிப்புப் பகுதியையும் கட்டுப்பாடு உள்ள இடங்களாகக் குறித்தது. ஜெயஸ்ரீக்கு 2025-இல் ஈரநிலப் பாதுகாப்புக்கான ராம்சர் விருது கிடைத்தது. இந்தப் பணிக்கு உலகம் தந்த தாமதமான மரியாதை அது.

சட்டம் ஒரு கையால் எழுதியதை மறுகையால் அழித்த கதையும் உண்டு. விதி மீறிய கட்டடங்களை அபராதம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்தலாம் என்று 1998-இல் நகர் ஊரமைப்புச் சட்டத்தில் 113-அ பிரிவைச் சேர்த்தார்கள். ஒருமுறை மட்டும் என்று வந்தது அடுத்தடுத்து நீண்டது. நீட்டிப்புகளை உயர் நீதிமன்றம் 2006-இல் ரத்து செய்தது. ஊராட்சித் தலைவர் கையெழுத்திட்ட ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ மனைகள் புறநகர் முழுவதும் பரவியபோது, 2016-இல் அங்கீகாரமில்லாத மனைகளின் பத்திரப் பதிவுக்கே நீதிமன்றம் தடை போட்டது. அடுத்த ஆண்டு மறுபடியும் வரன்முறை விதிகள் வந்தன. நீர்நிலை, வாய்க்கால் மனைகளுக்கு மட்டும் விலக்கு இல்லை என்றது அந்த விதி. சிறிய முன்னேற்றம்தான், ஆனாலும் முன்னேற்றம்.

2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வேளச்சேரியும் முதல் மாடி வரை மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து நீர் திறந்த விதத்தை ஆராய்ந்த இந்தியத் தணிக்கைத் துறை, 2018-இல் பேரவையில் வைக்கப்பட்ட அறிக்கையில் அதை மனிதர்கள் உண்டாக்கிய பேரிடர் என்றது. 2021 நவம்பரில் தி. நகரும் மேற்கு மாம்பலமும் நாள்கணக்கில் தண்ணீரில் நின்றன. நுங்கம்பாக்கம் பக்கத்திலிருந்து கிளம்பி, தி. நகருக்குள் ஓடி, நந்தனம் அருகே அடையாற்றில் விழும் மாம்பலம் கால்வாய், லாங் டேங்க் விட்டுப்போன இடத்தில் இருக்கும் வடிகால். அது அடைபட்டால் தண்ணீர் பழைய ஏரியின் வடிவத்தை மீண்டும் பிடிக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் பெரும்பாக்கமும் அதே பாடு பட்டன.

2022 ஏப்ரலில் பள்ளிக்கரணை, பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் ஏறியது. 1,247.54 ஹெக்டேர் என்று எல்லை குறிக்கப்பட்டது. காப்புக்காட்டைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு. அந்த எல்லைக்குள் பட்டா நிலங்களும் வந்தன. 2017-ஆம் ஆண்டின் ஈரநில விதிகளின்படி ஈரநிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றக்கூடாது. அதைப் பாதிக்கும் சுற்றுப்பகுதியையும் வரையறுக்க வேண்டும். இந்தக் கடைசி வேலை உடனே நடக்கவில்லை. சதுப்பின் எல்லை எது, அதன் செல்வாக்கு எதுவரை என்று சர்வே எண் வாரியாகத் தெரியாத நிலையில் அனுமதிக் கோப்புகள் வழக்கம்போல நகர்ந்தன.

2025-இல் இந்தச் சிக்கல் வெடித்தது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சுற்றுப்பகுதி அறிவியல்பூர்வமாக வரையறுக்கப்படும்வரை சதுப்பிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் புதிய அனுமதி கூடாது என்றது. சி.எம்.டி.ஏ. அந்தப் பகுதியின் விண்ணப்பங்களை நிறுத்தியது. சில வாரங்களில், பெரும்பாக்கத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடித் திட்டத்துக்கு அதே ஆண்டு தொடக்கத்தில் தரப்பட்ட அனுமதி ராம்சர் எல்லைக்குள் வருகிறது என்று ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் ஆவணங்களை வெளியிட்டது. நிலம் பட்டா நிலம், காப்புக்காட்டுக்கு வெளியே இருக்கிறது, விதிப்படியே அனுமதி தந்தோம் என்பது அரசுத் தரப்பின் பதில். வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போக, அக்டோபர் இறுதியில் இடைக்காலத் தடை வந்தது.

அந்தப் பதிலைக் கவனமாகப் படிக்க வேண்டும். பட்டா இருக்கிறதா, நில உபயோகம் சரியா, சான்றுகள் வந்தனவா என்ற கேள்விகளுக்கெல்லாம் கோப்பில் விடை இருந்திருக்கலாம். மழைநீர் எந்தப் பக்கம் சரிகிறது, மேலேயுள்ள ஏரிகள் நிரம்பி வழிந்தால் இந்த இடம் எத்தனை நாள் நீர் தாங்கும், மண் கொட்டினால் கண்ணகி நகரில் எத்தனை அடி ஏறும் என்ற கேள்விகளுக்கு அந்தக் கோப்பில் இன்னும் கட்டமே இல்லை. ஆட்சேபணை சொல்லும் இடத்தில் கீழ்மட்டத்துக் குடியிருப்புகளின் பிரதிநிதிக்கு நாற்காலியும் இல்லை.

ஒரு கிலோமீட்டர் தடையில் பெரிய நிறுவனங்கள் மட்டும் மாட்டவில்லை. வேளச்சேரியிலும் மேடவாக்கத்திலும் சேமிப்பையெல்லாம் போட்டு அரை கிரவுண்டு மனை வாங்கி, வீட்டுக் கடனுக்கு வட்டி கட்டிக்கொண்டு அனுமதிக்குக் காத்திருந்தவர்களும் அதில் இருக்கிறார்கள். எல்லை வரையும் வேலை 2022-இலேயே முடிந்திருந்தால் அவர்களில் பலர் அந்த மனையை வாங்கியிருக்கவே மாட்டார்கள். இதற்கிடையே 2022 அக்டோபரில் பெருநகர எல்லை 5,904 சதுர கிலோமீட்டராக விரிந்துவிட்டது. திருவள்ளூர், காஞ்சிபுரம் பக்கத்து ஏரிகள் நூற்றுக்கணக்கில் அந்தக் கோட்டுக்குள் வந்திருக்கின்றன. அவற்றுக்கு நிறம் தீட்டப்போகும் மூன்றாம் முழுமைத் திட்டம் இப்போதுதான் தயாராகிக்கொண்டிருக்கிறது.